பெரிய கோயில் விமானம் பறக்குமா?

நடவு நாளில் வரப்பிலிருந்து வயலுக்குள் நாற்று முடியை வீசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கையை விட்டுக் கிளம்பும்போது முடி எப்படித் திரும்பியிருந்தாலும், விழும்போது பெரும்பாலும் சேறு ஒட்டிய வேர்ப்பக்கம் முந்திக்கொள்ளும். தாள் பின்னால் அலைந்துகொண்டு வரும். கனம் முன்னால், காற்று பிடிக்கும் பரப்பு பின்னால். ராக்கெட் நிலைகுலையாமல் பறப்பதற்கு வேண்டிய இலக்கணம் இந்த ஒரு வீச்சில் இருக்கிறது.

ராக்கெட் என்றால் கூர்மூக்கு, நீள உடம்பு, அடியில் மூன்று நான்கு இறக்கை என்றே வரைந்து பழகிவிட்டோம். அந்த உருவம் கட்டாயமில்லை. தீபாவளி ராக்கெட்டையே பாருங்கள். இறக்கை கிடையாது. சின்னக் குழாய், அதன் ஓரத்தில் ஒட்டிய நீளக் குச்சி. இந்தக் கோணல் உருவம்தான் நேராக ஏறுகிறது.

குச்சியின் கனம் கீழே தொங்கி அதை நிமிர்த்திப் பிடிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது தவறு. ராக்கெட் சாய்ந்தால் அதைத் தள்ளும் விசையும் கூடவே சாய்கிறது. தொங்கும் கனத்தால் நிமிர்த்த முடியாது. நிமிர்த்துவது காற்று.

விரல்மேல் கிடத்தினால் எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ, அது எடை மையம். பக்கவாட்டில் படும் காற்றின் தள்ளல் முழுவதும் சேர்ந்து எந்த இடத்தில் விழுகிறதோ, அது அழுத்த மையம். பறக்கும் பொருள் எடை மையத்தைச் சுற்றித்தான் திரும்பும். அழுத்த மையம் அதற்குப் பின்னால் இருந்தால், ராக்கெட் கொஞ்சம் சாய்ந்ததுமே காற்று வாலைத் தள்ளித் தலையைப் பழைய வழிக்குக் கொண்டுவந்துவிடும். முன்னால் இருந்தால் அதே காற்று அதைக் கரணமடிக்க வைக்கும்.

பற்றவைக்காத தீபாவளி ராக்கெட்டை விரலில் கிடத்திப் பாருங்கள். குழாயின் அடியை ஒட்டியோ சற்றுக் கீழேயோ சமமாக நிற்கும். குச்சி எடை மையத்தைக் கொஞ்சம்தான் பின்னுக்கு இழுக்கிறது. அழுத்த மையத்தையோ வெகுதூரம் இழுத்துவிடுகிறது. சிறுவயதில் எங்கள் தெருப் பையன் ஒருவன், பாட்டிலில் நிற்கவில்லை என்று குச்சியைப் பாதியாக ஒடித்துவிட்டான். ராக்கெட் ஆளுயரம் எழும்பி, அப்படியே மடங்கி, வைக்கோல் போரை நோக்கிப் பாய்ந்தது. குடத்துத் தண்ணீரோடு பெரியவர்கள் ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மைசூர்ப் படையின் ராக்கெட்டும் இதே அமைப்புதான்: இரும்புக் குழாய், மூங்கில் கழி. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் முறியடித்தபோது அவை பாய்ந்தன. 1799இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குப் போனவற்றை முன்மாதிரியாக வைத்து வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். அவரும் கழியை விடவில்லை. ராக்கெட்டைச் சுழலவிட்டுக் கழியை ஒழிக்க 1844இல் வில்லியம் ஹேல் வரவேண்டியிருந்தது.

இனி நம் ஊர்க் கணக்கு. 1010இல் ராஜராஜன் எழுப்பி முடித்த தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் சாயலில், அட்டையால் ஒரு ராக்கெட் செய்தால் பறக்குமா? பக்கங்கள் நேராகச் சரியும் நாற்பட்டைக் கூம்பு, உயரம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அழுத்த மையம் உச்சியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கில், அதாவது 20 செ.மீ.யில் இருக்கும். உள்ளே வெறுமையான அட்டைக் கூம்பின் எடை மையமும் அதே 20 செ.மீ.தான்! இரண்டும் ஒரே புள்ளி என்றால் காற்று அதை நிமிர்த்தவும் செய்யாது, கவிழ்க்கவும் செய்யாது. அடியில் மோட்டாரைச் செருகியதும் எடை மையம் பின்னுக்குப் போகும். அப்போது கரணம் அடிக்கும். தீர்வு உச்சியில் இருக்கிறது. கலசம் இருக்கவேண்டிய இடத்தில் களிமண்ணை உருட்டி வையுங்கள். மோட்டாரோடு சேர்த்து எடை மையம் உச்சியிலிருந்து 15 செ.மீ.க்கு வரும்வரை சேர்க்கலாம். அகலமான அடிப்பரப்பின் பின்னே உண்டாகும் காற்றிழுப்பும் வாலைப் பிடித்துக்கொண்டு உதவும்.

விமானத்தில் இருப்பதுபோல அடுக்கடுக்காக நிலைகள் வைத்தால் இந்தக் கணக்கு துல்லியமாக வராது. நாசா பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் 1960களில் தந்த சூத்திரங்களும் வழக்கமான உருவங்களுக்கே பொருந்தும். விசித்திர உருவத்துக்கு நூல்தான் நீதிபதி. எடை மையத்தில் நீளமான நூலைக் கட்டித் தலைக்குமேல் சுழற்றுங்கள். உச்சி முன்னால் போனால் தைரியமாக விடலாம். தடுமாறினால் இன்னும் கொஞ்சம் களிமண்.

வெடிமருந்தைப் பிள்ளைகள் தொடவே கூடாது. தண்ணீர் ராக்கெட் போதும்: பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப்பால் காற்று. அதன்மேல் அட்டை விமானத்தைப் பொருத்துங்கள். தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் வெளியேறிவிடும் என்பதால் நூல் சோதனையைக் காலிப் பாட்டிலோடு செய்யவேண்டும்.

சித்திரையில் உளுந்து பிடுங்கிய பிறகு காவிரி டெல்டா வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வெறுமையாகக் கிடக்கின்றன. ஆசிரியர்களே, பெற்றோர்களே, இந்த ஆண்டு பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள்.