இன்னும் இரண்டு வருஷமா?

கணிதத்தைப் பிரதான பாடமாக எடுத்து பி.எஸ்ஸி. தேறிய பிள்ளையோ பெண்ணோ, "எம்.எஸ்ஸி. படிக்கட்டுமா?" என்று கேட்டால், சாமளாபுரத்து வீடுகளில் பெரியவர்கள் திருப்பிக் கேட்பது, "இன்னும் இரண்டு வருஷமா?" என்பதே. அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விசைத்தறிக் கூடத்திலோ, திருப்பூர் பனியன் கம்பெனியின் கணக்கு மேஜையிலோ அமர்ந்தால் அந்த மாதமே சம்பளம் வந்துவிடும். கணித சாஸ்திரமோ இரண்டு வருஷ காலம் ஒரு காசும் தராது. பஸ் செலவு, புஸ்தகம், கட்டணம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகையால் அப்பட்டத்திற்கு வேண்டிய யோக்கியதைகள் யாவை, அதனால் கிடைப்பது யாது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வதே உசிதம். உபாத்தியாயத் தொழிலில் நாம் கண்டறிந்த அளவில் இங்கே சொல்லுகிறோம்.

முதலில், வாசல்கள் மூன்று. கோயமுத்தூரில் 1982-ஆம் ஆண்டு ஏற்பட்ட பாரதியார் சர்வகலாசாலையும் அதைச் சார்ந்த கலாசாலைகளும் அருகிலுள்ள வாசல். அங்கே பி.எஸ்ஸி. மதிப்பெண்ணே முக்கியம். இரண்டாவது, ஐ.ஐ.டி. என்னும் உயர் ஸ்தாபனங்கள். இவற்றுக்கு 'ஜாம்' என்ற பொதுப் பரீட்சை உண்டு. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள்; மற்றப் பகுதிகளில் குறைப்பதில்லை. மூன்றாவது, பேராசிரியர் சேஷாத்திரி 1989-இல் தொடங்கிய சென்னைக் கணிதக் கழகம். அதன் பிரவேசப் பரீட்சையில் விடை மட்டும் போதாது. விடைக்குரிய காரணத்தையும் எழுத வேண்டும்.

படிப்பு நான்கு பருவங்கள். இயற்கணிதம், மெய்யெண் பகுப்பாய்வு, கலப்பெண் பகுப்பாய்வு, டோபாலஜி, வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவை எங்கும் இருப்பவை. புஸ்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழில் பயின்ற மாணாக்கர் முதற் பருவத்தில் திகைப்பது இயல்பு. எனினும் கணித ஆங்கிலத்தில் சொற்கள் சிலவே. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம் நிதானமாகப் படிப்பவர்க்குச் சில மாதங்களில் அது வசப்பட்டுவிடும்.

உண்மையான கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. பி.எஸ்ஸி. வரையில் 'எவ்வளவு?' என்று கேட்ட கணிதம், இங்கே 'ஏன்?' என்று கேட்கத் தொடங்குகிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கஜத் துணி, பிறகு அரைக் கஜம், பிறகு கால் கஜம் என்று பாதி பாதியாகக் குறைத்து ஒட்டிக்கொண்டே போனால், எத்தனை துண்டுகள் ஒட்டினாலும் நீளம் இரண்டு கஜத்தைத் தாண்டாது. ஆனால் ஒரு கஜம், அதில் இரண்டில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று ஒட்டினால்? துண்டுகள் இதிலும் சிறுத்துக்கொண்டேதான் போகின்றன. ஆனால் நீளத்திற்கு எல்லையே கிடையாது. மூன்றாம், நான்காம் துண்டுகள் சேர்ந்தால் அரைக் கஜத்திற்கு மேல். ஐந்து முதல் எட்டு வரையுள்ள நான்கும் சேர்ந்தால் மறுபடி அரைக் கஜத்திற்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாக முடிவின்றிச் சேருவதால் சாமளாபுரத்திலிருந்து திருப்பூர் வரைக்கும் அத்துணி எட்டிவிடும். துண்டுகளின் எண்ணிக்கைதான் கற்பனைக்கும் அடங்காது! இத்தகைய காரணத்தைத் தானே கண்டு எழுதுவதில் மகிழ்ச்சி அடைகிற பிள்ளைக்கு எம்.எஸ்ஸி. ஏற்றது. மனக்கணக்கில் வேகம் மட்டும் உள்ளவருக்கு வேறு படிப்புகள் உண்டு. அதில் குறைவொன்றும் இல்லை.

இனி, பயன். மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் எம்.எஸ்ஸி.யுடன் பி.எட். பட்டமும் வேண்டும். கலாசாலை ஆசிரியராவதற்குப் பட்டத்தில் நூற்றுக்கு 55 விழுக்காடும், பொதுவாக 'நெட்' அல்லது 'செட்' பரீட்சையில் தேர்ச்சியும் கேட்கிறார்கள். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு சலுகை உண்டு. 'தேறினால் போதும்' என்று 50 விழுக்காட்டோடு நின்றுவிட்டவர்கள் பின்னால் வருந்தும் இடம் இதுவே. ஆராய்ச்சியில் புகுவோர்க்கு மத்திய அரசு தரும் இளநிலை உபகாரச் சம்பளம் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் ஆகியிருக்கிறது. கணிதம் சோறு போடாது என்று சொல்வதற்கில்லை.

"ராமானுஜன் எம்.ஏ. படித்தாரா?" என்று சிலர் கேட்பதுண்டு. படிக்கவில்லைதான். நம் கொங்கு நாட்டு ஈரோட்டில் 1887-இல் பிறந்த அம்மேதை, எப்.ஏ. பரீட்சையிலேயே தவறியவர். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தார். மறு வருஷம் சென்னை சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்து, அவரைக் குமாஸ்தா மேஜையிலிருந்து விடுவித்தது. அவருக்கு வேண்டியிருந்தது பட்டமன்று; கவலையின்றிக் கணிதம் செய்ய அவகாசம். அந்த அவகாசத்தைத்தான் எம்.எஸ்ஸி.யின் இரண்டு வருஷங்கள் சாதாரணப் பிள்ளைகளுக்கும் தருகின்றன. அன்று சர்வகலாசாலை செய்ததை இன்று ஒரு குடும்பம், பனியன் கம்பெனிச் சம்பளத்தைச் சற்றுத் தள்ளிவைத்து, தன் பெண்ணுக்குச் செய்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'ஜாம்' பரீட்சை நடப்பது பிப்ரவரி மாதத்தில். விண்ணப்பம் கேட்பதோ அதற்கு முந்திய புரட்டாசியை ஒட்டி. பி.எஸ்ஸி. முடிவு வந்தபின் ஆனி மாதத்தில் யோசிப்பவர்க்கு அவ்வாசல் அடைபட்டிருக்கும். ஆகவே, "இன்னும் இரண்டு வருஷமா?" என்ற கேள்வியைத் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் மூன்றாம் வருஷத்து ஆவணியிலேயே கேட்டுவிடுங்கள்.