கை மறக்கவில்லை

ருஷ்யாவில் துலா என்னும் நகரத்தில் யந்திரப் பொறியியல் படித்து வந்தான் ஒரு வாலிபன். பெயர் லெவ் ஸாஸெட்ஸ்கி. தகப்பனார் அவன் குழந்தையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். தாயார் கஷ்டப்பட்டு ஆளாக்கிய பிள்ளை. படிப்பில் கெட்டிக்காரன். இன்னும் கொஞ்ச காலம் போனால் இன்ஜினீயர் ஆகிவிடுவான். குடும்பம் தலை நிமிர்ந்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள்.

1941-ல் ஹிட்லரின் படைகள் ருஷ்யாவுக்குள் புகுந்தன. ஸாஸெட்ஸ்கி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யுத்தத்துக்குப் போனான். 1943-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி, ஸ்மோலென்ஸ்க் போர்முனையில் ஒரு குண்டு அவனுடைய மண்டை ஓட்டைத் துளைத்துக்கொண்டு மூளைக்குள் பாய்ந்தது. அப்போது அவனுக்கு வயது 23.

உயிர் பிழைத்தான். ஆனால் எந்த உலகத்துக்குத் திரும்பி வந்தான்? அதுதான் கதை. அவன் கையாலேயே எழுதி வைத்த கதை.

பாதி உலகம்

பல நாள் பிரக்ஞை இல்லாமல் கிடந்தவன் கண் விழித்தபோது உலகமே துண்டு துண்டாகத் தெரிந்தது. எதைப் பார்த்தாலும் அதன் வலது பக்கம் இல்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தால் பாதி முகந்தான். தன் உடம்பிலேயே வலது பக்கம் சில சமயம் காணாமல் போய்விடும். தலை மேஜை அளவுக்குப் பெருத்துவிட்டதாகவும், உடம்பு சுண்டைக்காயாகச் சுருங்கிவிட்டதாகவும் தோன்றும்.

வலக்கை எது, இடக்கை எது என்று தெரியாது. நர்ஸைக் கூப்பிட வேண்டும்; கையை எப்படி அசைத்தால் "இங்கே வா" என்று அர்த்தம்? அதை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தாயாரின் பெயர் என்ன? சகோதரிகளின் பெயர் என்ன? நினைவில்லை. பெரிய படிப்புப் படித்தவனுக்கு ஓர் எழுத்துக்கூட அடையாளம் தெரியவில்லை.

இதற்குக் காரணம் குண்டு பாய்ந்த இடம். மூளையின் இடது பாகத்தில், பின்புறத்தை ஒட்டி ஒரு பகுதி இருக்கிறது. கண் பார்ப்பதையும், காது கேட்பதையும், கை தொட்டு உணர்வதையும் ஒன்று சேர்த்து, "இதோ இதுதான் விஷயம்" என்று நமக்குக் கோத்துத் தருவது அந்தப் பகுதி. மாலையில் நார் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? பூவெல்லாம் இருக்கும், மாலை இருக்காது. ஸாஸெட்ஸ்கியின் நிலைமை அதுதான்.

தம்பியின் அப்பா, அப்பாவின் தம்பி

காயம் பட்டு மூன்று மாதம் ஆவதற்குள், மே மாதக் கடைசியில், அவனை ஒரு டாக்டர் சந்தித்தார். அவர் அலெக்சாண்டர் லூரியா. 1902-ல் பிறந்து 1977-ல் மறைந்த இவர், மூளைக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்களுள் மிகப் பெரியவர். யுத்த காலத்தில் யூரல் மலைப் பகுதியில், மூளையில் காயம் பட்ட வீரர்களுக்கான மருத்துவமனையை நடத்தி வந்தார்.

லூரியா சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார். யானை பெரியதா, ஈ பெரியதா என்று கேட்டார். யானையும் தெரியும், ஈயும் தெரியும். ஆனால் "ஈயைவிட யானை பெரியது" என்பதும், "யானையைவிட ஈ பெரியது" என்பதும் ஒன்று போலவே காதில் விழுந்தன. "அப்பாவின் தம்பி", "தம்பியின் அப்பா" — இரண்டும் ஒரே ஆளா, வேறு வேறு ஆளா? நம் வீட்டுக் குழந்தைகூட முதலாமவர் சித்தப்பா, இரண்டாமவர் அப்பாவேதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடும். ஸாஸெட்ஸ்கிக்கோ தலை சுற்றியது.

இவ்வளவு சிதைவுக்கு நடுவே லூரியா இன்னொன்றையும் கவனித்தார். மூளையின் முன்பகுதிக்குச் சேதம் இல்லை. நினைத்ததை முடிக்க வேண்டும் என்னும் உறுதி, தன் குறை என்ன என்று தெரிந்துகொள்ளும் சக்தி, ஆசை, வெட்கம், துக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. அது பெரிய பாக்கியம். பெரிய வேதனையும் அதுவேதான். எதை இழந்தோம் என்று அணு அணுவாக உணர்ந்தான் அந்த வாலிபன்.

ஊசியும் நூலும்

ஏதாவது ஒரு கைத்தொழில் பழக்கலாம் என்று பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே அவனிடம் ஊசி, நூல், கோடு போட்ட துணி ஆகியவற்றைக் கொடுத்து, கோட்டின்மேல் தைக்கச் சொன்னார்கள். ஊசியைப் பார்த்தான், நூலைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். மூன்றும் கையில் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன சம்பந்தம்? பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் இதே கதைதான். விறகு பிளக்கக் கோடாலியை ஓங்கினால் அடி கட்டையின்மேல் விழாமல் தரையில் விழும். ஆணி அடித்தால் சுத்தியல் விரலைப் பதம் பார்க்கும். ஏதாவது எடுத்து வரச் சொன்னால், சொன்னது இன்னதென்று மனத்தில் பதிவதற்குள் பாதி மறந்துவிடும். தெருவில் நாலு அடி தள்ளிப் போனால் சொந்த வீட்டுக்கு வழி தெரியாது.

இத்தனை பெரிய பிள்ளையைத் தாயார் மறுபடியும் குழந்தையைப் போல வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. யுத்தம் எத்தனையோ தாய்மார்களின் பிள்ளைகளைக் கொண்டு போயிற்று. இந்தத் தாய்க்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் இப்படிக் கொடுத்தது.

ஒரே இழுப்பில்

மருத்துவமனையில் அவனுக்கு மறுபடியும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தெரிந்த பெயர் ஒவ்வொன்றோடும் ஓர் எழுத்தை முடிச்சுப் போட்டு ஞாபகம் வைத்துக்கொண்டான். ஓர் எழுத்து வேண்டுமென்றால் வரிசையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்து அதைப் பிடிக்க வேண்டும். பாதி வழியில் எதைத் தேடினோம் என்பதே மறந்து போகும்!

எழுதுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பென்சிலை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் டாக்டர் அவனிடம், "எழுத்து எழுத்தாக யோசிக்காதே, பென்சிலைத் தூக்காமல் ஒரு வார்த்தையை ஒரே இழுப்பில் எழுதிவிடு" என்ற பொருள்படச் சொன்னார். அவனும் எழுதினான். அவன் எழுதிய வார்த்தை, "இரத்தம்."

எழுதிவிட்டான்! எழுதியதைப் படிக்க மாத்திரம் அவனுக்குத் தெரியவில்லை!

இது எப்படிச் சாத்தியம்? காலையில் வாசலில் நெளிக் கோலம் போடும் பெண்ணை நடுவில் நிறுத்தி, "அடுத்த வளைவு எந்தப் புள்ளியைச் சுற்றி?" என்று கேட்டுப் பாருங்கள். திகைத்துப் போவாள். கேட்காமல் விட்டால் கை தானே போட்டு முடித்துவிடும். சின்ன வயதிலிருந்து பழகிய எழுத்தும் அப்படித்தான். முதலில் ஒவ்வோர் எழுத்தையும் கண்ணால் பார்த்து, மனத்தால் யோசித்து எழுதுகிறோம். பழகப் பழக அது கையோடு சேர்ந்த ஒரு ராகமாகிவிடுகிறது. அந்த ராகம் குடியிருக்கும் இடம் மூளையில் வேறு. ஸாஸெட்ஸ்கியின் குண்டு அந்த இடத்தைத் தொடவில்லை. கண் மறந்தது, மனம் மறந்தது, கை மறக்கவில்லை.

3,000 பக்கங்கள்

அன்றிலிருந்து அவன் எழுத ஆரம்பித்தான். தனக்கு நேர்ந்ததை எல்லாம் எழுதினான். ஒரு வார்த்தை அகப்படுவதற்கு வெகு நேரம் ஆகும். அகப்பட்டதைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, வாக்கியம் சேர்ந்ததும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றுவான். நாள் முழுதும் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினால் அதுவே பெரிய காரியம். முன் பக்கத்தில் என்ன எழுதினோம் என்று பார்த்துக்கொள்ளவும் முடியாது. தலைவலி வேறு பிளக்கும்.

இப்படி 25 வருஷம் எழுதினான். ஏறக்குறைய 3,000 பக்கங்கள் சேர்ந்தன.

எதற்காக எழுதினான்? சிதறிப் போன நினைவுகளைப் பொறுக்கிச் சேர்க்க. மூளையில் அடிபட்டவனுக்குள் என்ன நடக்கிறது என்று டாக்டர்களுக்குச் சொல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, தானும் ஒரு மனிதன், தன்னாலும் பிறருக்குப் பிரயோஜனம் உண்டு என்று தனக்கே நிரூபித்துக்கொள்ள. அந்தக் குறிப்புகளோடு தம் விளக்கங்களையும் சேர்த்து லூரியா 1971-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். அடுத்த வருஷமே அது ஆங்கிலத்தில் வந்தது. இன்றைக்கும் மூளை வைத்தியம் பயில்கிறவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

"பிறகு அவனுக்குப் பூரணமாகக் குணமாகிவிட்டதா?" என்று கேட்பீர்கள். இல்லை. அவன் இன்ஜினீயர் ஆகவில்லை. பழைய பாடங்களைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தான், ஏறவில்லை. வலது பக்கத்து உலகம் திரும்பி வரவில்லை. ஆனால் பழைய வாழ்வு போன இடத்தில் தன் கையாலேயே வேறொரு வாழ்வைக் கட்டிக்கொண்டான்.

பாலம் உடைந்தால்

லூரியா இதிலிருந்து ஓர் அருமையான உண்மையை எடுத்துக் காட்டினார். பேசுவது, எழுதுவது, நடப்பது போன்ற எந்தக் காரியமும் மூளையின் ஒரே ஒரு மூலையில் நடப்பதில்லை. பல பாகங்கள் கை கோத்துச் செய்கின்றன. ஒரு பாகம் கெட்டுப் போனால் மற்றவற்றைக் கொண்டு வேறு வழியாக அதே காரியத்தைச் செய்யப் பழக்கலாம். ஆற்றுப் பாலம் உடைந்தால் சுற்று வழியாகப் போய்ச் சேருகிறோம் அல்லவா?

நடுக்குவாத நோயாளி ஒருவர் சமதரையில் இரண்டடி எடுத்து வைக்க முடியாமல் தவித்தார். மாடிப் படியில் மட்டும் நன்றாக ஏறினார். அதைக் கண்டு, தரையில் காகிதத் துண்டுகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றாகத் தாண்டச் சொன்னார்கள். அவர் நடந்துவிட்டார்! கால் தானாகச் செய்ய மறந்ததைக் கண்ணின் துணையோடு செய்ய வைத்துவிட்டார்கள்.

செத்துப் போன மூளைக் கண்ணறைகள் பொதுவாகத் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் பிழைத்திருப்பவை பயிற்சியினால் புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், பிறகு மெதுவாகும். ஆனால் அடியோடு நின்றுவிடுவதில்லை. வருஷங்கள் கழிந்த பிறகும் புதிதாக ஒன்றைக் கற்றவர்கள் உண்டு.

வீட்டிலும் ஒரு வைத்தியம்

தலையில் அடிபட்ட பிள்ளையோ பெண்ணோ வீடு திரும்பினால், மருத்துவமனையில் தொடங்கிய வேலையை வீடு தொடர வேண்டும்.

"குளித்துவிட்டு, துணியை உலர்த்திவிட்டு, கடைக்குப் போய் வா" என்று மூன்று வேலையை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று. வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். சாவி, சீப்பு, கண்ணாடி எல்லாம் தினமும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அன்றைய வேலைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

வார்த்தைக்காகத் தடுமாறும்போது சட்டென்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள். சட்டைப் பொத்தான் போட கால் மணி நேரம் ஆனாலும் அவனே போடட்டும். நீங்கள் அன்போடு செய்து கொடுக்கும் ஒவ்வொரு வேலையும் அவன் கற்க வேண்டிய ஒரு பாடத்தைத் திருடிக்கொள்கிறது.

காரணமில்லாமல் கோபம் வரும். பத்து நிமிஷம் பேசினால் களைத்துப் படுத்துவிடுவான். சோம்பல், திமிர் என்று உறவினர்கள் முணுமுணுப்பார்கள். அதுவும் காயத்தின் ஒரு பகுதிதான். வெளியே தழும்பு ஆறிவிட்டதால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

கவனித்துக்கொள்கிறவளுக்கும் ஓய்வு வேண்டும். பெரும்பாலும் அது தாயோ, மனைவியோ, அக்காவோதான். "எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று அவள் சொல்லலாம். வீட்டிலுள்ள மற்றவர்கள் அதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது.

"பழையபடி எப்போது ஆவான்?" என்ற கேள்விதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "இன்று எதைச் செய்ய முடிகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ருஷ்ய வாலிபனிடம் அப்படிக் கேட்டபோது அகப்பட்டது ஒரே ஒரு வார்த்தை. அதிலிருந்துதான் 3,000 பக்கங்கள் வளர்ந்தன.