உறங்காத காவலாளி

சிலாபக் களப்பின் கரையோரத்திலும், ஒல்லாந்தர் கால்வாயை அடுத்த நிலங்களிலும் இறால் பண்ணைகள் பரந்து கிடப்பதை அவ்வழியே செல்வோர் யாவரும் காணலாம். 1980ஆம் ஆண்டுகளில் வேரூன்றிய இத்தொழில் 1996இல் வெண்புள்ளி நோயினாற் பெரிதும் நலிந்து, பின்னர் மெல்ல மெல்லத் தலையெடுத்தது. இரவு வேளையில் இப்பண்ணைகளை அணுகுவோரின் செவியில் முதலில் விழுவது, நீரை இடைவிடாது அறைந்து சுழலும் துடுப்புச் சக்கரங்களின் ஓசையேயாகும். ஏரேட்டர் என வழங்கும் அக்காற்றூட்டிகள் குளத்து நீரில் ஒட்சிசனைக் கலப்பவை.

அவை இரவில் ஏன் சுழல வேண்டும்? பகலில் நீரிலுள்ள நுண்பாசிகள் கதிரவனின் ஒளியைக் கொண்டு ஒட்சிசனை உண்டாக்குகின்றன. இருள் சூழ்ந்ததும் அவ்வுற்பத்தி நின்றுவிடுகிறது. ஆயினும் பாசியும் இறாலும் ஏனைய உயிர்களும் சுவாசிப்பதை நிறுத்துவதில்லை. ஆதலால் நீரிலுள்ள ஒட்சிசன் நாழிகைக்கு நாழிகை குறைந்து, விடியலுக்குச் சற்று முன்னர் மிகக் கீழான நிலையை எய்துகிறது. அது லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாதிருத்தல் நலம் என்பர். அந்த வேளையில் சக்கரங்கள் நின்றுவிடுமாயின், பல மாத உழைப்பும், பட்ட கடனும், பெற்ற நம்பிக்கையும் பொழுது புலருமுன் நீரின்மேல் மிதக்கும்.

இச்சக்கரங்கள் இயங்கும்வரை அவற்றை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நின்ற பின்னரே அவற்றின் அருமை புலனாகிறது. கணினிக்குள்ளும் இத்தகைய ஊழியர் பலர் உளர். அவர்களுக்குப் பின்னணிச் சேவைகள் என்று பெயர்.

கணினியில் இயங்கும் செய்நிரல்கள் இருவகைப்படும். ஒருவர் கடிதம் எழுதுவதற்காக ஒரு செய்நிரலைத் திறக்கிறார்; எழுதி முடித்ததும் மூடிவிடுகிறார். அது அழைத்தபோது வந்து, அனுப்பியபோது செல்லும் கூலியாளைப் போன்றது. மற்றொரு வகை, திரையில் முகங்காட்டாதது; விசைப்பலகையின் கட்டளைக்குக் காத்திராதது. கணினி விழித்தெழும்போது தானும் எழுந்து, அது அணையும்வரை தன் கடமையைச் செய்துகொண்டிருப்பது. கடிகாரத்தைச் சரிப்படுத்துவது, அச்சிட வேண்டியவற்றை வரிசைப்படுத்துவது, வரும் மின்னஞ்சலை ஏற்று வைப்பது, வங்கியின் பணப்பொறி கேட்கும் கேள்விக்கு நள்ளிரவிலும் மறுமொழி கூறுவது ஆகிய யாவும் இவ்வகையினவே.

இவற்றுக்கு ஆங்கிலத்தில் 'டீமன்' என்றொரு பெயருண்டு. 1867இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் என்னும் இயற்பியல் அறிஞர், வாயுவின் மூலக்கூறுகளை ஓயாது தரம் பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு பூதத்தைக் கற்பனை செய்தார். 1963ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் கணினி ஆய்வு நடத்தியோர், திரைமறைவிற் பணிபுரியும் தம் செய்நிரல்களுக்கு அப்பூதத்தின் பெயரையே சூட்டினர். ஒரே இரவிற் குளம் வெட்டிக் கரை கட்டிய பூதங்களின் கதை கேட்டு வளர்ந்த தமிழ் மக்களுக்கு இப்பெயர் விந்தையாகத் தோன்றாது.

கையால் தொடக்கிய செய்நிரலுக்கும் சேவையாக அமைக்கப்பட்ட செய்நிரலுக்கும் உள்ள வேறுபாடு மின்சாரம் தடைப்படும் நாளில் நன்கு விளங்கும். 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் மின்சாரமின்றி ஆக்கியது. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் அமைந்த அனல்மின் நிலையமும் அதனால் நின்றுபோக, அடுத்த இரு நாட்களும் மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது.

குளத்து ஒட்சிசனை அளந்து, குறையும்போது உரிமையாளரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கணினியொன்று ஒரு பண்ணையில் உள்ளதெனக் கொள்வோம். அத்தகைய நாளில் மின்சாரம் நின்று, மீண்டும் வருகிறது. கணினியும் தானே எழுகிறது; அதன் பச்சை விளக்கு ஒளிர்கிறது. ஆனால் அளக்கும் செய்நிரலோ, முன்னர் ஒருவர் கையால் அழுத்தித் தொடக்கியதாகையால், மீண்டும் ஒருவர் அழுத்தும்வரை எழாது. உரிமையாளருக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஆகவே குளம் நலமே என்று எண்ணி உறங்கச் செல்கிறார். காவலாளி மாண்டுபோனதை அவர் அமைதி என மயங்கிவிட்டார். கணினியை நம்பி வாழ்வோருக்கு நேரும் இடர்களுள் இதுவே மிகக் கொடியது.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. அச்செய்நிரலைக் கணினியின் பணிசெயல் முறைமையிடம் ஒரு சேவையாகப் பதிந்து வைக்க வேண்டும். விண்டோஸ் முறைமையில் 'சேவைகள்' என்னும் பகுதியிலும், லினக்ஸ் முறைமைகள் பெரும்பாலானவற்றில் 'சிஸ்டம்டி' என்னும் மேலாளரிடத்தும் இதனைச் செய்யலாம். அவ்வாறு பதியும்போது மூன்று விதிகள் குறிக்கப்படல் வேண்டும். கணினி எழும்போது தானும் எழுக என்பது முதலாவது. இடையில் வீழ்ந்தால் மீண்டும் எழுக என்பது இரண்டாவது. நிகழ்ந்தவற்றை நேரத்துடன் எழுதி வைக்க என்பது மூன்றாவது. பாடசாலைகளிற் சம்பவத் திரட்டுப் புத்தகம் பேணப்படுவதைப் போன்றதே இப்பதிவேடு. வீழ்ந்து வீழ்ந்து எழும் சேவை வெளிப்பார்வைக்கு நலமுற்றதாகவே தோன்றும்; அதன் நோயைப் பதிவேடு ஒன்றே காட்டிக்கொடுக்கும்.

இனி, கணினி எவ்வளவு காலம் நில்லாது இயங்கியது என்பதை அளக்கும் முறையைக் காண்போம். கணினி எழுந்த நொடி முதல் அதன் உள்ளே ஓர் எண்ணி எண்ணிக்கொண்டே செல்கிறது. லினக்ஸ் கணினியில் 'அப்டைம்' என்னும் ஒரு சொல்லைத் தட்டினால், அது இத்தனை நாள், இத்தனை மணி, இத்தனை நிமிடம் இயங்கியுள்ளது என்பது திரையில் தோன்றும். இயக்கத்தை நூற்றுவீதத்திற் கூறும் வழக்கமும் உண்டு. நூற்றுக்கு 99 என்பது கேட்பதற்கு நிறைவாகவே உள்ளது. ஆயினும் ஆண்டொன்றில் அது மூன்றரை நாட்களுக்கு மேற்பட்ட நிறுத்தத்தைக் குறிக்கும். 99.9 என்றாலும் ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் நிறுத்தமே. அந்த எட்டே முக்கால் மணியும் ஒரே இரவாக வந்து வாய்த்தால் இறால் பண்ணையில் எஞ்சுவது யாது? எவ்வளவு நேரம் நின்றது என்பதோடு, எப்பொழுது நின்றது என்பதையும் கேட்டல் வேண்டும்.

நெடுங்காலம் நில்லாது ஓடுவதே சிறப்பு என்பாரும் உளர். அக்கருத்து முற்றும் சரியன்று. விண்டோஸ் 95 முறைமையில் நேரத்தை ஆயிரத்திலொரு நொடியாக எண்ணும் எண்ணி ஒன்று இருந்தது. அது 429 கோடியைச் சற்றுக் கடந்ததும், வாகனத்தின் தூரமானி முடிவெண்ணைக் கடந்து சுழிக்குத் திரும்புவதைப் போல, மீண்டும் சுழியாயிற்று. 49 நாட்களும் 17 மணி நேரமும் தொடர்ந்து இயங்கிய கணினி அதனால் உறைந்து நிற்க நேர்ந்தது.

இதனினும் துயரமானதொரு நிகழ்ச்சி வளைகுடாப் போரின்போது நிகழ்ந்தது. சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியட் ஏவுகணைக் காவல் முறையின் கணினி, நேரத்தைப் பத்திலொரு நொடியாக எண்ணியது. பத்திலொன்று என்னும் பின்னத்தைக் கணினியின் இரும எண்முறையிற் பிசகின்றி எழுதல் இயலாது. ஆதலால் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் மிக நுண்ணிய பிழை சேர்ந்துகொண்டே சென்றது. 100 மணி நேரத்திற்கு மேலாக நில்லாது இயங்கிய பின்னர் அப்பிழை மூன்றிலொரு நொடியளவு ஆயிற்று. அந்நேரத்திற் பகைவரின் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேல் கடந்துவிடும். 1991 பெப்ரவரி 25ஆம் நாள், வந்த ஏவுகணையை அக்காவல் முறை தவறான இடத்திலே தேடியது. 28 அமெரிக்கப் படைவீரர் மாண்டனர். 'மிக நெடுநேரம்' இயக்கினாற் பிழை நேரலாம் என முன்னரே அறிவித்தல் சென்றிருந்தது. எத்தனை மணி நேரம் மிக நெடிது என்பதை அது கூறவில்லை. திருத்திய செய்நிரல் மறுநாள் வந்து சேர்ந்தது. இடையில் ஒருமுறை நிறுத்தித் தொடக்கியிருந்தால் எண்ணி சுழியிலிருந்து தொடங்கியிருக்கும், பிழையும் அகன்றிருக்கும்.

ஆகவே, குறித்த வேளையில், அறிந்து செய்யும் நிறுத்தம் குற்றமன்று. அது பேணுதலின் ஒரு பகுதியே. பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்பதற்கும் கணினியை இடையிடையே நிறுத்தி எழுப்ப வேண்டியுள்ளது. ஆயிரம் நாள் நில்லாத கணினி, பெரும்பாலும் ஆயிரம் நாள் திருத்தப்படாத கணினியாகவும் இருக்கும்.

அவ்வாறாயின் காவலாளியைக் காப்பவர் யார் என்னும் வினா எழுகின்றது. இதற்குக் கணினி வல்லுநர் கண்ட விடை இதயத்துடிப்பு எனப்படும். சேவையானது நிமிடத்திற்கொருமுறை 'உள்ளேன்' என்று வேறொரு கணினிக்குச் சிறு செய்தி அனுப்பும். அச்செய்தி வராது போனால், அம்மற்றைக் கணினி மணியடிக்கும். ஆபத்து நேர்ந்தபோது மட்டும் பேசும் காவலாளி போதாது. நலமாயிருக்கும்போதும் நலம் என்று கூறும் காவலாளியே வேண்டும். வானொலி நேயர்களுக்கு இது புதிதன்று. மணி தவறாது ஒலிக்கும் நேரக்குறிப்பு, நேரத்தை அறிவிப்பதோடு நிலையம் உயிருடனிருப்பதையும் அறிவிக்கின்றது. ஒலிபரப்பு ஒரு நிமிடம் மௌனமானால், ஆயிரம் இல்லங்களில் ஒருங்கே தலைகள் நிமிர்கின்றன.

இவ்வுண்மையை இலங்கைத் தீவு பெருவிலை கொடுத்துக் கற்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை 6.59 மணியளவில் சுமாத்திரா அருகே கடலடி அதிர்ந்தது. ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தின் கருவிகள் அப்பொழுது உறங்கவில்லை. கால் மணி நேரத்தில் அந்நிலையம் முதல் அறிக்கையை வெளியிட்டது. ஆயினும் அது பசிபிக் நாடுகளுக்கானது. இந்து சமுத்திரத்தில் அத்தகைய எச்சரிக்கை முறை அன்று இருக்கவில்லை. அலைகள் இலங்கையின் கிழக்குக் கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. அந்த இரண்டு மணி நேரமும் வீணாயிற்று. முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்கள் இத்தீவில் மாண்டன. இயந்திரம் நூற்றுக்கு நூறு இயங்கியது. கரையில் நின்றவனுக்கோ சேவை என ஒன்று இருக்கவேயில்லை.

அதன் பின்னர், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தைத் தொடர்ந்து அனர்த்த முகாமைத்துவ நிலையம் இந்நாட்டில் அமைந்தது. இந்தியாவின் ஐதராபாத் நகரில் 2007 ஒக்டோபரில் இரவு பகலாக இயங்கும் சுனாமி எச்சரிக்கை நிலையம் தோன்றிற்று. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் பிற்பகல், சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது, எச்சரிக்கை உரிய வேளையில் வந்தது. இலங்கையின் கரையோர மக்கள் மேட்டு நிலங்களை நாடிச் சென்றனர். கடலடிப் பாறைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்தமையால் அன்று பேரலை எழவில்லை. ஆயினும் கருவி முதல் கரைவரையுள்ள சங்கிலி அறாது நின்றது என்பதே அந்நாளின் செய்தி.

இறால் குளத்தின் சிறு கணினிக்கும், பெருங்கடலைக் காக்கும் பெரு நிலையத்துக்கும் விதி ஒன்றே. இயந்திரம் ஓடுகிறதா என்று கேட்பதோடு அமையாது, அதனை நம்பியிருப்பவனுக்கு அதன் பயன் சென்று சேர்கிறதா என்றும் கேட்டல் வேண்டும். மாதத்திற்கொருமுறையேனும் பகற்பொழுதில் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுத்து, எல்லாம் தாமே எழுகின்றனவா என்று சோதித்துப் பார்க்கும் பண்ணையாளன் அறிவுடையவன். சிலாபத்து இறால் குளங்களின் அருகே படுத்துறங்கும் காவற்காரன் சக்கரங்களின் பேரிரைச்சலில் அயர்ந்து உறங்குவான். அவ்விரைச்சல் நின்ற மறுகணமே விழித்தெழுவான். மௌனத்தைக் கேட்டு விழிக்கும் அந்தச் செவியைக் கணினிக்கும் அமைத்துக் கொடுப்பதே இக்கலையின் சாரமாகும்.