கர்னலில் அகச்சிவப்பு: ஒன்று போனது, ஒன்று நிலைத்தது

2018 ஜூன் மாதம் வெளிவந்த லினக்ஸ் கர்னலின் 4.17 பதிப்பில் ‘இர்டா’ இல்லை. லேப்டாப்பையும் செல்போனையும் எதிரெதிரே வைத்தால் அகச்சிவப்பு ஒளியின் வழியே கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள உதவிய அமைப்பு அது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கர்னலுக்குள் இருந்த அதன் டிரைவர்களும் நெறிமுறை அடுக்குகளும் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டன. அடுத்த பதிப்பான 4.18 அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. அதில் இன்னோர் அகச்சிவப்புப் பகுதிக்கு, அதாவது டிவி ரிமோட் அனுப்பும் ஒளியைப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு, முற்றிலும் புதிய ஒரு வசதி சேர்ந்தது. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்பை எண்ணிப் பொருள் காண்பவை. இரண்டுமே பழைய தொழில்நுட்பங்கள். இரண்டு மாத இடைவெளியில் ஒன்று காலமாகி, மற்றொன்று வளர்ந்தது எப்படி? பயன்பாடு குறைந்ததும் கூடியதும்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். ஒரு டிரைவர் நிலைப்பதும் போவதும், அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, அந்த வேலை ஓர் ஆள் தாங்கும் அளவுக்கு ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்பதே என் வாதம்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். கர்னல் என்பது கணினியின் இயங்குதளத்துக்கு அடிப்படையான பகுதி; வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது அது ஒன்றுதான். ஒவ்வொரு கருவியோடும் எப்படிப் பேசுவது என்று அதற்குத் தெரிவிக்கும் நிரல்தான் டிரைவர். ரிமோட்டில் ஒலியைக் கூட்டும் பட்டனை அழுத்துகிறீர்கள். அதன் முனையிலுள்ள எல்.இ.டி. விளக்கு நொடிக்கு 38,000 முறை அணைந்து எரிகிறது. மிகப் பரவலான என்.இ.சி. முறையில் இந்தத் துடிப்பு முதலில் 9 மில்லிநொடி நீடிக்கும், பிறகு 4.5 மில்லிநொடி இருள். இது ‘கவனி, செய்தி வருகிறது’ என்ற அறிவிப்பு. அதன்பின் 32 பிட்டுகள். ஒவ்வொரு பிட்டுக்கும் அரை மில்லிநொடிக்குச் சற்று மேல் ஒளி. தொடரும் இருள் அதே அளவு இருந்தால் சுழியம், மூன்று மடங்கு இருந்தால் ஒன்று. ரிசீவர் 38,000 துடிப்பை வடிகட்டிவிட்டு, ஒளி எவ்வளவு நேரம், இருள் எவ்வளவு நேரம் என்பதை மட்டும் கர்னலுக்குத் தரும். கர்னல் அதிலிருந்து எண்ணைப் பிரித்தெடுத்து, அந்த எண் எந்த பட்டனுக்கு உரியது என்று அட்டவணையில் பார்த்து, விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தியதுபோல மேலே அனுப்பிவைக்கிறது.

காகிதத்தில் இது சுலபம். நடப்பில் தயாரிப்பாளர்கள் விதியைத் தங்கள் வசதிக்கு வளைத்திருக்கிறார்கள். என்.இ.சி. முறையின் 32 பிட்டில் எட்டு பிட் முகவரி, அதன் தலைகீழ், எட்டு பிட் கட்டளை, அதன் தலைகீழ் என்று வர வேண்டும். தலைகீழ் வடிவம் பிழை கண்டுபிடிப்பதற்காக வைத்தது. எட்டு பிட் முகவரி போதவில்லை என்று பலர் முகவரியின் தலைகீழ் இடத்தையும் முகவரிக்கே எடுத்துக்கொண்டார்கள். சிலர் கட்டளையிலும் அதைச் செய்தார்கள். அதனால் கர்னல் ஒரே என்.இ.சி.யை மூன்று வகையாக அடையாளம் காண வேண்டியிருக்கிறது. விரலை பட்டனிலிருந்து எடுத்தோம் என்று சொல்லும் சைகை எதுவும் ரிமோட்டில் கிடையாது என்பது அடுத்த சிக்கல். சைகை நின்று இவ்வளவு நேரமாயிற்று, ஆகவே விரல் எடுக்கப்பட்டது என்று கர்னல் ஒரு டைமரை வைத்து ஊகிக்க வேண்டும். அந்த நேரத்தைக் கொஞ்சம் குறைத்தால் ஒருமுறை அழுத்தியது இருமுறையாகப் பதிவாகும். கொஞ்சம் கூட்டினால் ஒலி நிற்காமல் ஏறும்.

ஏ.சி. ரிமோட் இதைவிடச் சுவையான விஷயம். டிவி ரிமோட் ‘ஒலியைக் கூட்டு’ என்று ஒரு கட்டளையை மட்டும் அனுப்பும். ஏ.சி. ரிமோட் அப்படியல்ல: நீங்கள் ஒரு டிகிரி மாற்றினாலும், வெப்பநிலை, விசிறி வேகம், குளிர்விப்பு முறை என்று முழு நிலையையும் ஒவ்வொரு முறையும் அனுப்பிவிடும். சாதாரண என்.இ.சி. செய்தியில் ஒளி, இருள் எல்லாம் சேர்த்து 67 துண்டுகள்தான். பானசோனிக் ஏ.சி. ஒன்றின் சைகையில் 439 துண்டுகள் இருந்தன. ரிமோட்போலச் சைகையை அனுப்பவும் வல்ல கர்னலோ ஒரு சைகைக்கு 256 துண்டுகளுக்கு மேல் அனுப்ப மறுத்தது. யாரோ ஒருவர் என்றைக்கோ தாராளமாக வைத்த வரம்பு, பிறகு வந்த ஒரு கருவியின் முன் போதாமல் போனது. வரம்பு 1024 ஆக உயர்த்தப்பட்டது. மாற்றியது ஒரே ஒரு எண். ஆனால் அதை எங்கே மாற்ற வேண்டும், அதனால் நினைவகத்தில் வேறெங்காவது இடறுமா, பழைய பயனர்களுக்கு ஏதாவது கெடுமா என்று சொல்ல அந்தப் பகுதியை முழுசாகத் தெரிந்த ஒருவர் தேவை. பராமரிப்பு என்பதன் பெரும்பகுதி இந்த அறிவுதான்.

ஒழுங்காக ஓடும் நிரலை ஏன் தொட வேண்டும், சும்மா விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கர்னலுக்குள் எந்த நிரலும் தனியாக இல்லை. சாதாரணப் பயன்பாட்டு மென்பொருளுக்குக் கர்னல் கொடுத்த வாக்கு மாறாது. பயனரின் நிரலை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையானவர். கர்னலின் உட்பகுதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைக்கு அப்படி எந்த வாக்குறுதியும் இல்லை. ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஓர் உள் அமைப்பு மாறும். கூட்டுக் குடும்ப வீட்டில் தரைமட்டத்தை உயர்த்தினால், யாரும் புழங்காத அறையின் கதவையும் வெட்டித்தான் ஆக வேண்டும். 2017-ல் டைமர்களை அமைக்கும் முறை பாதுகாப்புக் காரணத்துக்காகக் கர்னல் முழுவதும் மாற்றப்பட்டது. பழைய முறை, ஊடுருவ நினைப்பவருக்கு நினைவகத்தில் வசதியான பிடியாக இருந்தது. மாற்றம் நூற்றுக்கணக்கான இடங்களைத் தொட்டது. விரல் எடுக்கப்பட்டதை ஊகிக்கும் அந்த ரிமோட் டைமரும் அதில் ஒன்று.

கர்னலுக்கு வெளியே இருந்தால் ஒரு டிரைவர் என்ன ஆகும் என்பதற்கு ரிமோட் டிரைவர்களின் சொந்த வரலாறே சாட்சி. ‘லிர்க்’ என்ற திட்டம் 1990-களின் பிற்பகுதியிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேல் கர்னலுக்கு வெளியே தன் டிரைவர்களை வைத்திருந்தது. ஒவ்வொரு கர்னல் பதிப்புக்கும் அவற்றைத் திருத்த வேண்டும். திருத்துவதற்குள் அடுத்த பதிப்பு வந்து நிற்கும். 2009-ல் உள்ளே சேர்க்கக் கோரியபோது, சைகையைப் பிரித்தெடுக்கும் வேலை கர்னலுக்குள் நடக்க வேண்டுமா, வெளியே நடக்க வேண்டுமா என்று நீண்ட விவாதம் நடந்தது. 2010-ல் ஒரு சமரசம் பிறந்தது. பரவலான முறைகளைக் கர்னலே பிரிக்கும். விரும்புகிறவர் கச்சா ஒளி-இருள் அளவுகளையும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். என் மதிப்பீட்டில் இந்தப் பகுதியைக் காப்பாற்றிய முடிவு இதுதான். ராஸ்பெரி பை கணினியின் தனிக் கர்னலில் மட்டும் வெளியிலிருந்து வந்த பழைய டிரைவர் ஒன்று தொடர்ந்தது. 4.19 பதிப்புக்கு மாறியபோது அது கைவிடப்பட்டு, பொதுக் கர்னலின் டிரைவர் அந்த இடத்துக்கு வந்தது. பழைய வழிகாட்டிக் கட்டுரைகளை நம்பி அமைத்திருந்தவர்களுக்கு ஒரு புதுப்பிப்பில் ரிமோட் வேலை செய்யாமல் போனது. இரண்டு பாதைகளை எக்காலமும் பராமரிக்க முடியாது. ஒன்று ஒருநாள் அடைபட்டே தீரும்.

இர்டாவுக்கு வருவோம். அதற்கான தரத்தை உருவாக்கிய சங்கம் 1993-ல் அமைந்தது. தொடக்கத்தில் நொடிக்கு 115 கிலோபிட், பிறகு 4 மெகாபிட் வேகம். ஒரு காலத்தில் பெரும்பாலான லேப்டாப்புகளின் ஓரத்தில் அந்தக் கருஞ்சிவப்புச் சாளரம் இருந்தது. புளூடூத்தும் வைஃபையும் வந்தபின் அது மறைந்தது. பராமரித்தவர்களும் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். நிரல் மட்டும் கர்னலிலேயே கிடந்தது. 2017-ல் அதை ‘ஸ்டேஜிங்’ எனும் பகுதிக்கு நகர்த்தினார்கள். தரம் போதாத நிரல்கள் காத்திருக்கும் இடம் அது. யாரும் பொறுப்பேற்க வராததால் சில மாதங்களில் நீக்கினார்கள். கிடந்தால் கிடக்கட்டும், யாருக்கு நஷ்டம் என்பதற்கான பதில் நீக்கிய பிறகு வந்தது. அதே 2018-ன் பிற்பகுதியில் இர்டா நிரலில் இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் அறிவிக்கப்பட்டன. ஒன்று நினைவகத்தைக் கசியவிடும். மற்றது விடுவித்த நினைவகத்தையே மீண்டும் பயன்படுத்தும். 4.17-க்கு முந்தைய கர்னல்கள் பாதிக்கப்பட்டன. கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த ஓட்டைகளைத் தொட அகச்சிவப்புக் கருவி வேண்டியதில்லை. சாதாரணப் பயனர் ஒருவர் இர்டா வகை சாக்கெட் (தொடர்பு முனை) ஒன்றைத் திறக்கக் கேட்டாலே, அதற்கான மாட்யூல், அதாவது தேவைப்படும்போது ஏற்றப்படும் நிரல் துண்டு, வட்டில் இருந்தால் கர்னல் தானாக ஏற்றிவிடும். ஒரு முறைகூட இர்டாவைப் பயன்படுத்தாத கணினியும் அதனால் ஆபத்தில் இருந்தது.

ரிமோட் பகுதியிலும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. விண்டோஸ் மீடியா சென்டருக்காக வந்த யூஎஸ்பி ரிசீவர்களை இயக்கும் டிரைவரில், கருவியின் எந்தெந்த அனுப்பு வாசல்களில் கேபிள் செருகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளும் எட்டு பிட் மாறி ஒன்று உண்டு. எந்த பிட்டை மாற்றுவது என்ற எண்ணைக் கருவியே அனுப்புகிறது. அந்த எண் எட்டுக்குள் இருக்கிறதா என்று டிரைவர் சரிபார்க்கவே இல்லை. கருவி ஒழுங்கானது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட வரி அது. யூஎஸ்பி கருவிகளைப் போல நடித்துக் கர்னலைச் சோதிக்கும் ஒரு தானியங்கி நிரல் இதைக் கண்டுபிடித்தது. எண் ஏழைத் தாண்டினால் எதுவும் செய்யாதே என்ற சிறிய சரிபார்ப்பு சேர்ந்தது. இரண்டு பகுதிகளிலும் பிழை இருந்தது. ஒன்றில் அதைக் கேட்டுத் திருத்த ஆள் இருந்தார். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

‘இர்டா போனது யாரும் பயன்படுத்தாததால், இதில் பராமரிப்பாளரை ஏன் இழுக்க வேண்டும்?’ என்பது இந்த வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு. பயனர் குறைந்தால் பராமரிப்பாளரும் குறைவார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றிலிருந்து மற்றது தானாக வந்துவிடுவதில்லை. இர்டாவை நீக்கிய அதே 4.17 பதிப்பு எட்டுச் செயலி வகைகளுக்கான ஆதரவையும் நீக்கியது. அவை எல்லாமே மோட்டரோலா 68000 குடும்பத்தை விடப் புதியவை. பழைய அமிகா, அட்டாரி கணினிகளில் இருந்த அந்த 68000 குடும்பமோ கர்னலிலேயே தொடர்ந்தது. உலகில் அத்தனை பேர் அமிகாவில் லினக்ஸ் ஓட்டுகிறார்கள் என்பது காரணமில்லை. அதைச் சோதித்து, திருத்தி, ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் ஈடுகொடுக்கும் ஒரு சிறு குழு இருக்கிறது.

பழைய கருவி வைத்திருப்பவருக்கு இது அநியாயம் இல்லையா? அவருடைய இழப்பு உண்மையானது. அதைச் சின்னதாக்கிப் பேசுவது தவறு. ஆயினும் நீக்கப்பட்ட நிரல் அழிக்கப்படுவதில்லை. கர்னலின் கிட் வரலாற்றில் ஒவ்வொரு வரியும் அப்படியே இருக்கிறது. உரிமமும் யாருக்கும் எடுத்துத் தொடரும் அனுமதியைத் தருகிறது. இர்டாவையே ஆர்வலர்கள் வெளியே தனி மாட்யூலாக எடுத்துத் தொடர்ந்திருக்கிறார்கள். கர்னலிலிருந்து நீக்குவதென்றால், ‘இது பத்திரமாக இயங்கும் என்று இனி நாங்கள் பொறுப்பேற்க முடியாது’ என்று வெளிப்படையாகச் சொல்வது. யாரும் பார்க்காத நிரலை உள்ளேயே வைத்துக்கொண்டு, பார்த்துக்கொள்கிறோம் என்ற தோற்றம் தருவதைவிட அது நேர்மையானது. கர்னலின் ‘மெய்ன்டெய்னர்ஸ்’ கோப்பும் இதே நேர்மையில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் பராமரிக்கப்படுகிறதா, அவ்வப்போது மட்டும் திருத்தப்படுகிறதா, அனாதையா என்று அதில் பதிவு இருக்கும்.

ரிமோட் பகுதியில் பராமரிப்புச் சுமையைக் குறைத்த வழிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிகிறது. உலகில் ரிமோட் முறைகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் கர்னலுக்குள் ஒரு பிரிப்பி எழுதினால் எந்தப் பராமரிப்பாளரும் தாங்க மாட்டார். 4.18-ல் வந்த வசதி இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பார்த்தது. அரிய முறை ஒன்றுக்கான சிறு நிரலை பயனரே எழுதி, சிறு நிரல்களைக் கர்னலுக்குள் ஓட்ட உதவும் ‘பிபிஎஃப்’ அமைப்பின் வழியாக ஏற்றலாம். ஒவ்வொரு ஒளிக்கும் இருளுக்கும், அது எத்தனை மைக்ரோநொடி என்ற எண்ணோடு அந்த நிரல் அழைக்கப்படும். செய்தி முழுமையானதும் இந்த பட்டன் என்று அது அறிவிக்கும். பட்டன் அட்டவணைகளையும் வெளிக்கோப்புகளாக எழுதி ஏற்ற முடியும். சுமையை வெளியே தள்ளிவிட்டதுதானே என்று கேட்கலாம். தள்ளியதுதான். ஆனால் ஏற்றும் முன்பே கர்னல் அந்த நிரலைச் சரிபார்க்கிறது: முடிவில்லாமல் சுழலுமா, தனக்கில்லாத நினைவகத்தைத் தொடுமா என்று பார்த்து, ஆமென்றால் ஏற்க மறுத்துவிடும். அங்கே பிழை வந்தால் ஒரு ரிமோட் வேலை செய்யாது. முழுக் கணினியும் விழாது. பிழையின் விலை குறையும்போது, அதைத் திருத்துபவர் கர்னல் நிபுணராக இருக்க வேண்டிய அவசியமும் குறைகிறது.

கருவி செய்த நிறுவனங்களே டிரைவரைப் பராமரிக்கட்டும் என்பதும் நல்ல யோசனைதான். சில நிறுவனங்கள் செய்யவும் செய்கின்றன. ஆனால் ஒரு யூஎஸ்பி ரிசீவரின் விற்பனைக் காலம் சில ஆண்டுகள். அது வேலை செய்யும் காலம் பல ஆண்டுகள். விற்பனை நின்ற பிறகு கர்னலின் டைமர் மாறினால், அந்த நிறுவனத்தில் அதைக் கவனிக்க யாரும் சம்பளம் வாங்குவதில்லை. பராமரிப்பாளரிடமோ ஒவ்வொரு ரிசீவரும் இருக்காது. பல திருத்தங்கள் தொகுக்கும்போது பிழை வரவில்லை என்ற அளவோடுதான் ஏற்கப்படுகின்றன. பட்டனை அழுத்திப் பார்த்து, ‘என் கருவியில் சோதித்தேன்’ என்று திருத்தத்தின் கீழே பெயர் போடக்கூடியவர், அந்தப் பழைய ரிசீவரை இன்னும் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்தான். அதற்கு சி மொழி தெரிய வேண்டியதில்லை. புதிய கர்னலை நிறுவி, ரிமோட் எப்படி நடந்துகொள்கிறது என்று துல்லியமாக எழுதத் தெரிந்தால் போதும்.