கண்ணுக்குத் தெரியாத நோய்

கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் காடுகளில் கிழங்கு அழுகல் நோய் வருவதுண்டு. அது தொடங்குவது மண்ணுக்கு அடியில். கிழங்கு கெட்ட பிறகே மேலே இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காய்கின்றன. அனுபவமுள்ள விவசாயி இலையைக் கண்டதும் செடியைக் குறை கூறமாட்டார்; மண்ணைப் பறித்துக் கிழங்கைப் பார்ப்பார்.

மனிதனின் மனத்துக்கு நோய் வந்தால் மட்டும் நாம் அவ்வாறு செய்வதில்லை. நன்றாகப் படித்து வந்த மாணவன் ஒருவன் சில வாரங்களாகச் சரியாகத் தூங்குவதில்லை. கபடி ஆட வருவதில்லை. பாடத்திலும் மனம் ஊன்றுவதில்லை. "சோம்பேறி", "திமிர்" என்று அவனை ஏசுகிறோம். அவனுக்குக் கால் முறிந்திருந்தால் இப்படிச் சொல்வோமா?

ஏன் தெரிவதில்லை?

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை மின் துடிப்புகளாலும் வேதிப் பொருள்களாலும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுகின்றன. பரம்பரைக் கூறுகள், நீண்டகால மன அழுத்தம், பேரதிர்ச்சி போன்றவை சேர்ந்து இச்செயல்பாட்டைப் பாதிக்கலாம். ஆனால் இப்பாதிப்பு எக்ஸ்ரே படத்தில் தெரியாது. மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால், அது பெரும்பாலும் வேறு நோய் உண்டா என்று அறிவதற்கே. தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தாலும் மனச்சோர்வு போன்ற குறிகள் தோன்றும். தூக்கம், பசி, எண்ணம், நடத்தை ஆகியவை எவ்வளவு நாளாக மாறியுள்ளன என்று கேட்டறிந்தே மனநோயை உறுதி செய்கிறார்கள்.

நோய் மெல்ல மெல்ல வருவதால் உடனிருப்பவர்களுக்கும் மாற்றம் புலப்படுவதில்லை. சிலருக்கு அது தலைவலியாகவோ வயிற்றுவலியாகவோ வெளிப்படுகிறது. மனச்சிதைவு நோயில் இல்லாத குரல்கள் காதில் கேட்கும். நோயாளிக்கு அவை உண்மையான குரல்களே. ஆதலால் அவர் தாமாக உதவி தேடுவதில்லை. வீட்டாரோ, "ஊர் என்ன பேசும்? கல்யாணம் தடைப்படுமே!" என்று மறைக்கிறார்கள்.

மறைத்ததன் விலை

2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அதன் பிறகே நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் தேசிய மனநல ஆய்வு நடந்தது. வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருப்பது தெரிந்தது. நோயின் வகைக்கேற்ப, அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிட்டவில்லை.

சிகிச்சை உண்டா?

உண்டு. 1950-களிலிருந்து நல்ல மருந்துகள் கிடைத்து வருகின்றன. மருத்துவரோடு முறையாகப் பேசுவதும் ஒரு சிகிச்சையே. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். ஓய்வுக்குப் பின் 1984-இல், மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். சிகிச்சையோடு, நோயாளிகள் மீண்டும் வேலைக்குச் செல்லவும் அது உதவுகிறது.

மாணவர்களே, மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதாவது, உங்கள் வகுப்பறையிலேயே தொடங்கலாம். நண்பனிடம் இரண்டு வாரத்துக்கு மேல் இத்தகைய மாற்றம் நீடித்தால் கேலி செய்யாதீர்கள். அருகில் அமர்ந்து, "என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள். அவன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, நம்பிக்கையான ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்று அவன் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அதை இரகசியமாக வைத்திருக்கவும் கூடாது. 2022 முதல் இயங்கிவரும் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம்.