கைகாட்டி மரமும் தூக்குமரமும்



தூக்குத் தண்டனை வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்வி எழுந்தால், மைசூரில் வாழும் நமக்குப் பாலாறுதான் நினைவுக்கு வரும். 1993 ஏப்ரல் 9-ஆம் தேதி, மாதேஸ்வரன் மலைக்கு அப்பால் பாலாற்றில், வீரப்பன் கூட்டம் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். போலீசார், வனத்துறையினர், அவர்களுக்குத் துணையாகச் சென்றவர்கள். மாண்டவர்களில் தமிழரும் உண்டு. "பிடித்த கையோடு தூக்கில் போடவேண்டும்" என்று அன்று நானும் சொன்னேன். சொல்லாதவர் யார்?

2001-ல் மைசூர் தடா நீதிமன்றம் அவ்வழக்கில் ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீடு செய்த நால்வருக்கு, 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மரண தண்டனையாக உயர்த்தியது. கருணை மனு ஒன்பது ஆண்டுகள் கிடந்து, 2013 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டது. அவர்களைக் காப்பாற்றும்படி தமிழ்நாட்டில் குரல் எழுந்தது. 2014 ஜனவரி 21-ல் அதே உச்ச நீதிமன்றம், தாமதத்தைக் காரணம் காட்டி, தண்டனையை மறுபடியும் ஆயுளாகக் குறைத்தது. அத்தீர்ப்பில் இந்நால்வரையும் சேர்த்து 15 பேர் உயிர் பிழைத்தனர்.

குற்றம் ஒன்றுதான், சாட்சியமும் ஒன்றுதான். தண்டனையோ இருமுறை மாறிவிட்டது. 'அரிதினும் அரிதான' வழக்கில் மட்டுமே தூக்கு என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. எது அரிது என்பதில் நீதிபதிகளே வேறுபடும்போது நாம் எம்மாத்திரம்?

கொடியவரைத் தண்டிப்பது களை பறிப்பது போன்றது என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்பார் என் நண்பர். உண்மைதான். ஆனால் களையென்று எண்ணிப் பயிரைப் பிடுங்கிவிட்டால்?

ரயில்வேயில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. கைகாட்டியின் கம்பி அறுந்துபோனால், கை தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிடும். மனிதனும் இயந்திரமும் தவறக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, தவறினாலும் உயிர் போகாதபடி அமைத்திருக்கிறார்கள். தூக்குமரத்தில் அந்த ஏற்பாடு இல்லை. தவறு தெரியவரும்போது திருத்துவதற்கு ஆள் இருக்கமாட்டான்.

அந்த 22 குடும்பங்களின் கண்ணீரை மறந்து இதைச் சொல்லவில்லை. கொலைக்கு ஆயுள் முழுதும் சிறை என்றால் அது சிறிய தண்டனையா? நம்மவர் என்றால் கருணை, அயலார் என்றால் கயிறு என்று இரண்டு படி வைத்து அளக்கவேண்டாம் என்பதே என் வேண்டுகோள். 1993-ல் நான் சொன்னதை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என்னால் அது முடிகிறது. தூக்குக் கயிற்றால் முடியாது.

மாற்றுக் கருத்துடையோர் அவசியம் எழுதுங்கள்.