சித்தூர் கிராமத்திலிருந்து காங்கிரஸ் தலைமைக்கு: யார் இந்த ஆனந்தாச்சார்லு?

ரேணிகுண்டா: இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த முதல் தென்னிந்தியர் பனப்பாக்கம் ஆனந்தாச்சார்லு. ரேணிகுண்டாவையும் முன்பு உள்ளடக்கியிருந்த சித்தூர் மாவட்டத்தின் கட்டமஞ்சி கிராமத்தில் 1843-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர்.

அன்று சித்தூர், சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத் தலைமையிடமாக விளங்கியது. இளம் வயதிலேயே சென்னை சென்ற ஆனந்தாச்சார்லு, பச்சையப்பன் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய பின், 1869-இல் உயர் நீதிமன்ற வழக்கறிஞரானார்.

பத்திரிகைத் தொடர்பு

சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக தி.முத்துசாமி ஐயர் 1878-இல் நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் நடத்திய நாளேடுகள் அதனைக் கண்டித்தன. அதற்கு மறுமொழி கூற இந்தியர்களுக்கு வலுவான பத்திரிகை இல்லாத நிலையில், அதே ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி 'தி இந்து' வார இதழாகத் தொடங்கப்பட்டது. அந்த முயற்சிக்கு ஆதரவளித்த ஆனந்தாச்சார்லு, அதில் கட்டுரைகளும் எழுதினார்.

பத்திரிகை எழுப்பிய குரலுக்கு அமைப்பு வடிவம் தர, 1884-இல் சென்னை மகாஜன சபை உருவானது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான அவர், மறு ஆண்டு பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டின் 72 பிரதிநிதிகளிலும் ஒருவர்.

நாக்பூர் உரை

பல மதங்களும் மொழிகளும் கொண்ட இந்தியா ஒரு தேசமே அல்ல என்பது, இந்தியர்களுக்குப் பிரதிநிதித்துவம் தர மறுத்தவர்களின் வாதம். 1891-இல் நாக்பூர் மாநாட்டுத் தலைமை உரையில் ஆனந்தாச்சார்லு இதனை மறுத்தார். மதம், மொழி, இனம் ஆகியவற்றின் ஒருமையைத் தேசியத்தின் அளவுகோலாகக் கொள்வது குறைபாடுடையது என்பது அவர் நிலைப்பாடு.

அடுத்த ஆண்டு நிறைவேறிய இந்திய கவுன்சில்கள் சட்டம், வரவு-செலவுத் திட்டத்தை விவாதிக்கவும் வினா எழுப்பவும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமை அளித்தது. பின்னர், தலைமை ஆளுநரின் சட்டமன்றத்தில் அவரும் உறுப்பினரானார். மிதவாதிகளின் மனு அரசியலைத் தீவிரவாதிகள் ஏற்கவில்லை. 1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் பிளவுற்றது. அடுத்த மாதமே ஆனந்தாச்சார்லு காலமானார்.

இன்றைய பொருத்தம்

மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின், 1960-இல் சித்தூர் மாவட்டத்தின் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நீடித்தது. மொழியால் மாநில எல்லை மாறியபோதும், நாடு ஒன்றாகவே நின்றது. நாக்பூரில் அவர் முன்வைத்த வாதத்துக்கு அவர் பிறந்த மாவட்டமே சான்றாகிறது.